ஒரே ஆள் ஓட்டும் பல கதாபாத்திரங்கள் தங்களுக்குள் எப்படிச் செய்தி அனுப்புகின்றன?

எவர்குவெஸ்ட் போன்ற ஆன்லைன் விளையாட்டில் ஒருவரே பல கதாபாத்திரங்களை ஓட்டுவதுண்டு. அவற்றை இயக்க எழுதும் சின்ன நிரல்களான ஸ்கிரிப்டுகளுக்கிடையே செய்தி கொண்டுபோய்க் கொடுப்பதுதான், எவர்குவெஸ்டுக்கான துணை மென்பொருளான மேக்ரோகுவெஸ்டில் உள்ள 'ஆக்டர்ஸ்' நூலகம், அதாவது தயார் நிரல் தொகுப்பு.

ஒவ்வொரு கதாபாத்திரமும் தனி விண்டோ, தனி நினைவகம். ஒன்றின் ஸ்கிரிப்டில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. பாம்பனிலிருந்து கடலுக்குப் போன படகுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு படகின் வலையில் என்ன விழுந்தது என்று அடுத்த படகுக்கு வாக்கிடாக்கியில் சொன்னால்தான் தெரியும். அதுவும் இரண்டு பேரும் ஒரே சேனலில் இருக்க வேண்டும். இங்கே சேனலுக்குப் பதில், ஸ்கிரிப்டுக்குச் செய்தி வந்து சேரும் அஞ்சல்பெட்டிக்கு ஒரு பெயர். 'என் உயிர் 30 சதவீதம்' என்று முன்னால் அடி வாங்கும் வீரன் அனுப்புவான்; வைத்தியரின் ஸ்கிரிப்ட் அதைப் படித்து உடனே குணப்படுத்தும். அருமையான ஏற்பாடு!

பலர் நினைப்பதுபோல் இது விளையாட்டின் சாட் வழியாகப் போவதில்லை. அப்புறம், செய்தி வந்ததாலேயே கதாபாத்திரம் நகராது, வந்ததும் என்ன செய்வது என்பதை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.