பிஎச்.டி.க்கு உதவித்தொகை: வேலையை விடும் முன் நெட் எழுதுங்கள்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எம்.பி.ஏ.வில் மனிதவளம் படித்தேன். மில் அலுவலகத்தில் வேலை. வயது 32. காரைக்குடியில் தொழிலுறவு பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. வேலையை விட்டால் வீட்டுச் செலவைச் சமாளிக்கும் அளவுக்கு உதவித்தொகை கிடைக்குமா? பகுதி நேரமாகச் சேர்ந்துவிடலாமா?"

பகுதி நேரமாகச் சேர்ந்தால் சம்பளம் வரும், உதவித்தொகை வராது. கீழே சொல்வதெல்லாம் முழுநேர ஆய்வாளர்களுக்குத்தான். அதனால் அவசரப்பட்டு ராஜினாமா எழுத வேண்டாம். வேலையில் இருந்தபடியே யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதுங்கள்.

நெட்டில் முன்னணியில் தேறுவோருக்குக் கிடைப்பதுதான் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை. அது 30 வயதோடு சரி என்று நினைத்துப் பல பெண்கள் விண்ணப்பமே போடுவதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. எந்தச் சமூகமானாலும் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தேர்வானால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அதிகபட்சம் 5 ஆண்டு வரை கிடைக்கும்.

எந்தப் பாடத்தில் எழுதுவது? எம்.பி.ஏ. படித்தவர்கள் பழக்கத்தில் மேலாண்மையை (நெட் பாட எண் 17) எடுத்துவிடுகிறார்கள். அதில் நிதி, சந்தைப்படுத்தல் என எல்லாம் கலந்து வரும். தொழிலாளர் நலன், தொழிலுறவு, மனிதவளம் ஆகியவற்றுக்கு எண் 55 தனியாகவே இருக்கிறது. தொழிற்சங்கம், ஊதியம், தொழிலாளர் சட்டம் எல்லாம் நீங்கள் மில்லில் தினமும் பார்ப்பதுதானே! நான் 55ஐத்தான் சொல்வேன். நீங்கள் சேர நினைக்கும் துறை அதை ஏற்குமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்றால், பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய மாநிலச் சாதிச் சான்றிதழ் நெட் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வராதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஜே.ஆர்.எஃப். அமையாவிட்டால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் குழு) உதவித்தொகை இருக்கிறது: மாதம் 20,000 ரூபாய், 2 ஆண்டு. பிஎச்.டி. பதிவு முடிந்த பிறகே விண்ணப்பிக்க முடியும். பெற்றோருக்கு ஒரே பெண் பிள்ளையா நீங்கள்? அப்படியானால் யு.ஜி.சி.யின் சாவித்ரிபாய் புலே உதவித்தொகையைக் கட்டாயம் பாருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தமிழக அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தருகிறது. வீட்டை விட்டுத் தங்க முடியுமென்றால் திருச்சி ஐ.ஐ.எம்.மின் முழுநேர முனைவர் படிப்பிலும் மாத உதவித்தொகை உண்டு.

ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். போன்ற இடங்களில் ஆய்வு முன்மொழிவைத்தான் எடை போடுவார்கள். "ஊழியர் திருப்தி" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். காரைக்குடி பக்கத்தில் தரைக்கல்லுக்குப் பேர்போன ஆத்தங்குடிக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடி மேல் அச்சுச் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி ஒவ்வொரு கல்லையும் கையாலேயே செய்கிறார்கள். அவர்களுக்குக் கூலியை யார், எப்படி நிர்ணயிக்கிறார்கள்? நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா? 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளால் அவர்களுக்கு ஏதாவது மாறியதா? இப்படிக் கேட்டால் அது ஆய்வு.

இன்னொன்று. ஜே.ஆர்.எஃப். பணம் தானாக வராது. பல்கலைக்கழகம் மாதாமாதம் கனரா வங்கித் தளத்தில் உறுதி செய்தால்தான் கணக்கில் ஏறும். தாமதம் சகஜம். ஆறு மாதச் செலவுக்குக் கையில் இருப்பு வைத்துக்கொண்டு வேலையை விடுங்கள்.