இருபத்தைந்து பேர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்களுடையது மிகச் சிறிய மெதடிஸ்ட் (ஒரு புராட்டஸ்டண்ட் பிரிவு) சபை. உறுப்பினர் பேரேட்டில் அறுபது பெயர் இருக்கிறது. ஞாயிறு காலையில் இருபத்தைந்து பேர் வந்தால் அதிகம். கோயிலோ நூற்றிருபது பேர் உட்காரக்கூடியது. ஆயர் ஐந்து சபைகளைப் பார்ப்பதால் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில், பக்கத்துச் சபைகளின் தொகுப்பான சர்க்கியூட்டின் திட்டப்படி, யாராவது ஒரு லோக்கல் பிரீச்சர் (குருப்பட்டம் பெறாத பிரசங்கி) வருவார். அண்மையில் என்னைத் திருவிருந்து ஸ்டூவர்டாக, அதாவது திருவிருந்துக்கு அப்பமும் ரசமும் ஆயத்தம் செய்பவராக, தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு முன்பிருந்தவர் நீண்டகாலம் அதைச் செய்தவர். எதையும் எழுதிவைக்காமலே காலமாகிவிட்டார்.

பாட்டு ஒவ்வொரு வாரமும் இழுத்துக்கொண்டே போகிறது. திருவிருந்து நாளில் யார் எப்போது எழுந்து வருவது என்றே தெரியாமல் தடுமாறுகிறோம். இளையவர்கள் "இந்தப் பழைய முறையை விட்டுவிட்டுப் புதிதாக ஏதாவது செய்வோம்" என்கிறார்கள். இவ்வளவு சிறிய கூட்டத்துக்கு இந்த முறை பொருந்துமா? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மெதடிஸ்ட் முறை பெரிய கூட்டத்துக்காக உண்டாகிப் பிறகு உங்கள் அளவுக்குச் சுருங்கிப்போனதல்ல. அதன் அடிப்படை அளவே பன்னிரண்டு பேர்தான்.

1742 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்டுகள் தங்கள் கட்டிடக் கடனை அடைப்பது எப்படி என்று பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் கேப்டன் ஃபாய் என்பவர். பலர் பரம ஏழைகள், அவர்களால் முடியாதே என்று இன்னொருவர் சொன்னார். "பதினொரு பேரை என் கணக்கில் வையுங்கள், வாராவாரம் நானே போய் வாங்குகிறேன், குறைந்தால் என் கையிலிருந்து போடுகிறேன்" என்பதுதான் ஃபாய் சொன்னதன் சாரம். வசூலுக்கு வீடு வீடாகப் போனபோது ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் படுத்த படுக்கை என்று எல்லாம் தெரியவந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பன்னிரண்டு பேர் குழு 'வகுப்பு' ஆயிற்று, காசு வாங்கப் போனவர் வகுப்புத் தலைவர் ஆனார். கடன் தீர்க்க வந்த ஏற்பாடு மேய்ப்பு ஏற்பாடாகிவிட்டது. உங்களிடம் இருப்பது இரண்டு வகுப்பு ஆட்கள். ஆள் குறைவு என்று கவலைப்படத் தேவையில்லை. பெரிய சபைக்குரிய பழக்கங்களை இருபத்தைந்து பேர் செய்துகொண்டிருக்கிறீர்கள், தடுமாற்றம் அங்கிருந்து வருகிறது.

பாட்டைப் பார்ப்போம். இழுவைக்குப் பெரும்பாலும் உட்காரும் விதமே காரணம். நூற்றிருபது இடத்தில் இருபத்தைந்து பேர், அவர்களும் பின்வரிசைகளில், ஒருவருக்கொருவர் ஆறடி தள்ளி. பக்கத்தில் குரல் கேட்காதவர் தன் குரல் தனியாகத் தெரிந்துவிடுமோ என்று அடக்கிப் பாடுவார். அடக்கிப் பாடுகிறவர் கருவியைக் கேட்டு, அதன் பின்னால் அரை மாத்திரை தள்ளி வருவார். வாசிப்பவருக்கு அந்தத் தாமதம் காதில் விழும். பாவம், ஜனங்களுக்காகக் கொஞ்சம் காத்திருப்பார். அவர் காத்திருப்பதால் ஜனங்கள் இன்னும் தாமதிப்பார்கள். நான்காம் சரணத்தில் பாட்டு நின்றேவிடும்.

"முன்னால் வாருங்கள்" என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்லாதீர்கள். யாரும் வரமாட்டார்கள், வருத்தம்தான் மிஞ்சும். பின்பக்கம் ஆறு வரிசையைக் கயிறு கட்டி மூடிவிடுங்கள். கடைசி வரிசையை மட்டும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் தாமதமாக வருபவர்களுக்கும் திறந்து வையுங்கள். இரண்டு மாதம் முணுமுணுப்பு இருக்கும், அவ்வளவுதான்.

வாசிப்பவரிடம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். முன்னிசையாக முதல் அடியை எந்த வேகத்தில் வாசிக்கிறாரோ அதே வேகத்தில்தான் பாட்டும் போக வேண்டும். முன்னிசையை நிதானமாக வாசித்துவிட்டுப் பாட்டில் வேகம் எடுத்தால் யாரும் நம்பிப் பின்தொடர மாட்டார்கள். சரணங்களுக்கு நடுவில் விடும் மூச்சு ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்கட்டும். இரண்டு எண்ணிக்கை போதும். ஒருமுறை இரண்டு, ஒருமுறை ஐந்து என்றால் பாதிப் பேர் முதல் சொல்லைத் தவறவிடுவார்கள். கடைசியாக, யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது.

சுருதியையும் கவனியுங்கள். பழைய இசைப் புத்தகங்கள் பாடகர் குழுவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உச்ச சுரம் மேல் ஈ (E), சிலவற்றில் எஃப் (F) வரை போகும். காலை நேரத்தில், வயதானவர்கள் அதிகமுள்ள சபையில், மேல் டி (D) சுரத்துக்கு மேலே போனால் பாதிக் குரல்கள் வாயை மூடிக்கொள்ளும். கீபோர்டு என்றால் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு படி, எஃப் வரை போகும் பாட்டுக்கு மூன்று படி இறக்கினால் போதும். பாட்டு நடத்துபவரின் வாயருகே ஒலிவாங்கி வேண்டாம். ஒரு குரல் பெருக்கிக் கேட்டால் மற்ற இருபத்துநான்கு பேரும் கேட்பவர்களாகிவிடுவார்கள்.

வெஸ்லி 1761இல் அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தில் பாடுவதற்கு ஏழு விதிகள் கொடுத்தார். எல்லாரும் பாடுங்கள், பாதி செத்தவர்கள் போலப் பாடாதீர்கள், மற்றவர்களை அமுக்கிக் கத்தாதீர்கள், காலம் தப்பாதீர்கள் என்பவை அவற்றில் சில. இழுத்துப் பாடுவது சோம்பேறிகளிடம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்றும் எழுதியிருக்கிறார். எனவே பாட்டு இழுப்பது உங்கள் தலைமுறைக் கோளாறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மெட்டு மாற்றுவதில் ஒரு கண்ணி உண்டு. பாட்டின் தலைப்பில் 8.6.8.6, 8.8.8.8, 6.6.8.6 என்று அசைக்கணக்கு, அதாவது ஒவ்வொரு அடியிலும் எத்தனை அசை என்பது, இருக்கும். கணக்கு ஒத்துப்போனால் தெரிந்த மெட்டில் புதுப் பாட்டைப் பாடலாம். கொள்கையளவில் சரி. ஆனால் 8.6.8.6 மெட்டுகள் பெரும்பாலும் மெலிந்த அசையில் தொடங்கி இரண்டாம் அசையில் அழுத்தம் கொடுப்பவை. தமிழ்ச் சொல்லுக்கு அழுத்தம் முதலசையில். இரண்டாம் அசை குறிலாக இருந்து மெட்டு அதை நீட்டினால் சொல் இரண்டாக உடைந்து வேறு எதுவோ ஆகிவிடும். எண்ணை மட்டும் பார்த்து மாற்றாமல், முதல் நாள் எல்லாச் சரணங்களையும் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். முதல் சரணம் அழகாக உட்கார்ந்து மூன்றாவது சரணம் மானத்தை வாங்குவதும் உண்டு.

வாரம் ஒரு பிரசங்கி வருவதன் சிக்கலும் இதில்தான் வெளிப்படும். உங்கள் சபைக்கு எந்தப் பாட்டு தெரியும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சர்க்கியூட் திட்டம் மூன்று மாத அட்டவணை, அதில் சபையும் தேதியும் பெயரும்தான் இருக்கும். புதன்கிழமைக்குள் அவரைக் கூப்பிட்டு இவற்றைச் சொல்லிவிடுங்கள்: கருவி வாசிப்பவர் இருக்கிறாரா, வேதபாடம் யார் வாசிக்கிறார், ஆராதனை எத்தனை மணிக்கு முடிய வேண்டும், சபையில் அண்மையில் மரணமோ பெரிய நோயோ உண்டா. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். முந்தின வாரம் பிள்ளையை அடக்கம் செய்த தாய் முன்வரிசையில் இருப்பது தெரியாமல் ஒருவர் வேடிக்கைக் கதையோடு பிரசங்கத்தைத் தொடங்கினால் தவறு அவருடையதல்ல, சொல்லாத ஸ்டூவர்டுகளுடையது. கூடவே ஒரு நோட்டில் தேதி, பாட்டு எண், மெட்டு, எப்படிப் போயிற்று என்று நான்கு பத்தி போட்டு எழுதிவாருங்கள். ஓராண்டில் உங்கள் சபைக்கு உண்மையிலேயே தெரிந்த பாட்டுகளின் பட்டியல் கையில் இருக்கும். நூறைத் தாண்டாது என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் பொறுப்பான திருவிருந்து.

நாம் புளிக்காத திராட்சை ரசம் பயன்படுத்துவது மதுவிலக்கு இயக்கத்தின் விளைவு. 1869இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வைன்லாண்டில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற பல் மருத்துவர் திராட்சைச் சாற்றைப் புட்டியில் அடைத்துச் சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று, புளிக்காமல் நிறுத்தினார். அவரும் உங்களைப் போல மெதடிஸ்ட் திருவிருந்து ஸ்டூவர்ட்தான். இதில் உங்களுக்கு நேரடியான பாடம் ஒன்று உண்டு: புட்டியைத் திறந்த கணமே அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. திறந்த புட்டியை அடுத்த மாதத்துக்கு அலமாரியில் வைத்தால் நுரைக்கும். சிறிய புட்டியாக வாங்கி, அன்றே முடியுங்கள்.

சிறு கோப்பை ஒன்றுக்கு 8 மில்லி போதும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம். இருபத்தைந்து பேருக்கு ஐந்து கோப்பை கூடுதலாக வைத்து முப்பது, ஆக 240 மில்லி. விளிம்புவரை ஊற்றினால் வழிந்து தட்டின் குழியில் காய்ந்து பசைபோல் பிடித்துக்கொள்ளும். நடுங்கும் கை கோப்பையை இழுக்கும், மேல்விரிப்பு ஊதாவாகிவிடும். குறுகிய மூக்குள்ள சிறு ஜாடியால் ஊற்றுங்கள். ஆராதனைக்கு அரைமணி நேரம் முன்பு ஊற்றி உடனே வெள்ளைத் துணியால் மூடிவிடுங்கள், இல்லையென்றால் ஈ முந்திக்கொள்ளும். அப்பத்தைச் சனிக்கிழமை இரவே துண்டுபோட்டால் காலையில் மரத்தூளாகிவிடும். ஞாயிறு காலையில் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி மூடிவையுங்கள். ஆயர் எடுத்துப் பிட்குவதற்கு ஒரு முழு அப்பம் தனியாக. விரிப்பில் ரசம் பட்டால் சோப்புப் போடும் முன் வெறும் தண்ணீரில் அலசுங்கள். பழச்சாற்றுக் கறையில் முதலில் சோப்பைத் தேய்த்தால் கறை நிலைத்துவிடும்.

திருவிருந்து வாங்க முழங்காலிடும் முன்தடுப்பான கிராதியருகே வருவதில் குழப்பம் ஏன் என்றால், யாரும் சைகை கொடுப்பதில்லை. கிராதியில் எட்டுப் பேர் முழங்காலிடலாம் என்றால் உங்களுக்கு மூன்று பந்தி, மிஞ்சிய ஒருவர் நீங்கள். நீங்கள் நடுப்பாதையில் நின்று ஒவ்வொரு வரிசையாகக் கையால் அழைக்க வேண்டும். நடுப்பாதை வழியாகப் போய் ஓரத்தால் திரும்ப வேண்டும். ஒரு பந்தி எழுந்து திரும்பும்வரை அடுத்ததை அழைக்காதீர்கள். காலிக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கையில் பிடித்தபடியே சிலர் இருக்கைக்குத் திரும்புவார்கள். கிராதியில் குழிகள் இல்லையென்றால் இரு முனையிலும் ஒரு காலித் தட்டு வையுங்கள். முழங்காலிட முடியாதவர்களுக்கு இருக்கையிலேயே கொடுக்க வேண்டும். யார் யார் என்று ஆராதனைக்கு முன்பே ஆயரிடம் சொல்லிவிட்டால் கடைசிப் பந்திக்குப் பிறகு அவர் நேராக அங்கே போவார். மிஞ்சியதைச் சிலர் தொட்டியில் கொட்டுகிறார்கள். அப்படிச் செய்யாமல் பயபக்தியோடு உட்கொள்ளுங்கள், அல்லது மண்ணில் சேருங்கள்.

மாதம் ஒருமுறை திருவிருந்து என்பதை ஏதோ கொள்கை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வெஸ்லி இயன்றபோதெல்லாம் பங்குபெறச் சொன்னவர். நம்முடைய மாதக்கணக்கு பெரும்பாலும் ஆயரின் பயணக்கணக்கு.

ஆயர் இல்லாத ஞாயிறுகளுக்கு நம் மரபிலேயே ஒன்று இருக்கிறது, உங்கள் இளையவர்களுக்கு அது பிடிக்கக்கூடும். அன்பின் விருந்து. ஜான் வெஸ்லியும் அவர் தம்பி சார்லஸும் மொரேவியர் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவினரிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1739 புத்தாண்டு இரவில் லண்டனில் ஃபெட்டர் லேனில் நடந்தது அதில் புகழ்பெற்றது. பாட்டு, ஜெபம், அப்பத்தைப் பிட்டு ஒருவருக்கொருவர் கொடுத்தல், ஏழைகளுக்குக் காணிக்கை, இரண்டு கைப்பிடியுள்ள கோப்பையில் தண்ணீரைக் கைமாற்றிக் குடித்தல், பிறகு சாட்சிகள், மறுபடி பாட்டு. குருப்பட்டம் பெற்றவர் தேவையில்லை, ஏனென்றால் இது திருவிருந்து போன்ற சாக்கிரமெந்து (திருச்சடங்கு) அல்ல. அதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். திராட்சை ரசத்தை அங்கே கொண்டுவந்தால் குழப்பம் உறுதி. எப்போதும் பேசும் இருவரே சாட்சி நேரத்தை விழுங்கிவிடுவதுதான் இதில் வழக்கமாக நேர்வது. ஆளுக்கு மூன்று நிமிடம், முதலில் இதுவரை பேசாத ஒருவர் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

ஆண்டின் முதல் ஞாயிறு கடவுளுக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனையில் மட்டும் இளையவர்கள் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1755 ஆகஸ்டு 11 அன்று லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் வெஸ்லி அதை நடத்தியபோது ஏறக்குறைய 1,800 பேர் எழுந்து நின்றார்கள். உழைப்புக்கு வைத்தாலும் ஒதுக்கிவைத்தாலும் சம்மதம் என்று சொல்லும் வாக்கு அது. அப்படியொன்றை முதன்முதலாகப் புத்தகத்தில் பார்த்து அதே மூச்சில் வாசித்துவிட முடியாது. முந்தின ஞாயிறே வாசகத்தை அச்சிட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அதைச் சொல்லாமல் உட்கார்ந்திருக்க ஒருவர் விரும்பினால் உட்காரட்டும்.

காணிக்கை எண்ணுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை. உறவினரல்லாத இருவர், ஒரே மேசையில், இரண்டு கையெழுத்து. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

பேரேட்டில் இருந்து வராத முப்பத்தைந்து பேருக்கு வகுப்பு முறையே வழி. அறுபது பேரை ஐந்து பட்டியலாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு. பட்டியலுக்கு ஒருவர் பொறுப்பு. இரண்டு ஞாயிறு ஒருவரைக் காணவில்லை என்றால் அந்த வாரமே பட்டியல்காரர் விசாரிக்க வேண்டும், "ஏன் வரவில்லை" என்று அல்ல, "எப்படி இருக்கிறீர்கள்" என்று. சந்தித்த தேதியை மட்டும் எழுதிவைக்கட்டும், கேட்டறிந்ததை எழுத வேண்டாம். வீட்டில் கேட்ட நோய்ச்செய்தியை ஞாயிறு ஜெபத்தில் பெயர் சொல்லி அறிவித்துவிடுவது சிறிய சபைகளின் பெரிய நோய். இருபத்தைந்து பேரில் எதுவும் பொதுவாகச் சொன்னதாகாது, "ஒரு சகோதரி" என்றாலே யாரென்று தெரிந்துவிடும். ஜெபத்தில் சொல்லலாமா என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் பட்டியல்காரர் தன் வீட்டிலேயே ஜெபித்துக்கொள்ளட்டும்.