நாலு வயதுக் குழந்தைக்குக் குடல் செருகல் திரும்ப வந்தால் என்ன தேட வேண்டும்?

கேள்வி: 4 வயது மகனுக்குக் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது) என்று ஏர் எனிமா (ஆசனவாய் வழியே காற்றைச் செலுத்துவது) கொடுத்துச் சரிசெய்தார்கள். இரண்டே வாரத்தில் மறுபடி வந்துவிட்டது. உள்ளே வேறு காரணம் இருக்குமா?

ஏர் எனிமாவில் சரியான குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் திரும்ப வரும். அதனால் திரும்ப வந்ததைவிட, 4 வயதில் வந்ததுதான் யோசிக்க வைக்கிறது. 3 மாதம் முதல் 2 வயதுக்குள் வரும் செருகலில் பெரும்பாலும் காரணம் எதுவும் அகப்படாது. சளி, வயிற்றுப்போக்குக்குப் பின் சிறுகுடல் முனையில் நெறி வீங்கி, அதை இழுத்துக்கொண்டு குடல் உள்ளே போயிருக்கும். வயது ஏற ஏற, குடலை இழுத்துப் போகும் கட்டியோ பையோ இருக்க வாய்ப்பு கூடும்.

முதல் சந்தேகம் மெக்கல் பை. கருவில் தொப்புளையும் குடலையும் இணைத்த குழாய் முழுதாக மறையாமல் விட்டுப்போன மிச்சம் அது. நூற்றில் இரண்டு பேருக்கு இருக்கும், பலருக்கு ஆயுள் முழுக்கத் தொந்தரவே வராது. அந்தப் பை உட்பக்கமாகத் திரும்பினால் செருகல். அதிலிருந்து தொப்புளுக்கு ஒரு நார் ஓடினால், அதைச் சுற்றிக் குடல் முறுக்கிக்கொள்ளும். பைக்குள் இரைப்பைத் திசு இருந்தால் அமிலம் சுரந்து புண்ணாகி, வலியே இல்லாமல் மலத்தில் ரத்தம் போகும். மெக்கல் ஸ்கேன் காட்டிக்கொடுப்பது இந்த இரைப்பைத் திசுவைத்தான். அது இல்லாத பை ஸ்கேனில் தெரியாது. 'ஸ்கேன் நார்மல்' என்று வந்தாலும் சந்தேகம் பலமாக இருந்தால் லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளை வழியே வயிற்றுக்குள் கேமரா விட்டு, நேரில் பார்ப்பதுதான் வழி.

கால், பிட்டத்தில் ஊதா நிறப் புள்ளிகளும் மூட்டு வலியும் இருந்ததா? அப்படியானால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அதில் பெரும்பாலும் சிறுகுடல் சிறுகுடலுக்குள்ளேயே செருகுவதால் எனிமா காற்று அங்கே எட்டாது. எடை குறைவு, வயிற்றில் கட்டி என்றால் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சதை), இரட்டைக் குடல் நீர்ப்பை (குடலை ஒட்டிப் பிறவியிலேயே அமைந்த நீர்ப்பை) இரண்டையும் அல்ட்ராசவுண்ட் செய்பவரிடம் பெயர் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

செருகல் அல்லாத அடைப்புகளில், வீட்டார் சொன்னால்தான் பிடிபடும் இரண்டு உண்டு. ஒரு காந்தத்தை விழுங்கினால் பெரும்பாலும் மலத்தோடு வந்துவிடும். இரண்டு போனால் குடல் மடிப்புகளை நடுவில் வைத்துக் கவ்வி ஓட்டை போடும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒட்டி ஒன்று போலத் தெரியும் என்பதால் பக்கவாட்டுப் படமும் வேண்டும். தண்ணீரில் ஊதும் ஜெல் மணிகள் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. பொம்மைப் பெட்டியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

வாந்தி பச்சையாக வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். பிறவியிலேயே இடம் மாறி அமைந்த குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் ரத்த ஓட்டம் நின்று அழுகிவிடும்; கைக்குழந்தைகளில்தான் அதிகம், ஆனால் எந்த வயதிலும் வரலாம். கிரைப் வாட்டர், விளக்கெண்ணெய், பூச்சி மருந்து, தாய்ப்பால் உட்பட வாய்வழி எதுவும் கொடுக்காமல் கிளம்புங்கள். வாந்தி பட்ட துணியையும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு எடுத்துப் போங்கள், முடிந்தவரை குழந்தைகள் அறுவை நிபுணர் இருக்கும் இடத்துக்கு.