கம்யூனிட்டி காலேஜில் செமஸ்டர் தொடங்கும்போது வரும் மெயில்களை எல்லாம் படிக்க வேண்டுமா?

கேள்வி: கணவர் வேலைக்காகக் கலிபோர்னியா வந்து இரண்டு வருடம் ஆகிறது. வேலை விசாவில் இருக்கும் கணவரைச் சார்ந்து வந்த எச்-4 விசா. ஆகஸ்ட் கடைசியில் கம்யூனிட்டி காலேஜில் முதல் செமஸ்டர். இப்போதே நாளுக்கு மூன்று நான்கு மெயில் வருகிறது. பிரசிடெண்ட் வரவேற்பு, பார்க்கிங், கட்டட வேலை, இலவச உணவு என்று என்னென்னவோ. எதைப் படிக்கணும், எதை விட்டுவிடலாம்?

பதில்:

படியுங்கள். ஆனால் கீழேயிருந்து மேலாகப் படியுங்கள். வரவேற்புரை மேலே இருக்கும், உங்களுக்கு வேண்டியது அடியில் கிடக்கும். அப்படி ஒரு மெயிலைப் பாதியில் மூடிவிட்டு ஒரு வகுப்பையே பறிகொடுத்தவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு ஊர் ஈரோடு. பி.காம் முடித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அப்புறம் கல்யாணம், சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியா, பையன். அவன் ஒன்றாம் வகுப்புக்குப் போன வருடம் பக்கத்தில் இருந்த கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புக்கான அரசுக் கல்லூரி) ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் எடுத்தேன். காலேஜ் பெயர் வேண்டாம். செமஸ்டருக்கு முந்தைய வெள்ளிக்கிழமை 'வெல்கம் பேக்' என்று ஒரு மெயில் வந்தது. மேலே பிரசிடெண்ட் சிரித்துக்கொண்டிருந்தார், அதற்குக் கீழே புது டீன், புது லோகோ, கூடைப்பந்து அணி. விரலால் தள்ளத் தள்ள முடியவே இல்லை. நம்மூர் காலேஜ் ஆண்டு விழா மலரில் முதல்வர் உரையை யார் படித்தார்கள் என்று மூடி வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணி வகுப்பு. முதல் வாரம் பார்க்கிங்கில் இடம் கிடைப்பது தீபாவளிக்கு முந்தின நாள் ரயிலில் சீட் கிடைப்பது போல. சுற்றிச் சுற்றி ஒரு மூலையில் வண்டியைச் சொருகிவிட்டு ஓடினால், என் கட்டடத்துக்கு முன்னால் பச்சைத் துணி கட்டிய கம்பி வேலி. உள்ளே ஒரு ஜேசிபி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. வேலியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வரைபடம் தொங்கியது. காலைப் பனி உள்ளே இறங்கி, அம்புக்குறி எல்லாம் நீலமாக ஊறிப்போயிருந்தது. வேலியை ஒரு முழுச் சுற்று சுற்றினேன். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் கையை நீட்டி, மைதானத்துக்குப் பின்னால் போகச் சொன்னார். அங்கே வரிசையாகத் தற்காலிக அறைகள், சக்கரம் கழற்றிய கன்டெய்னர் மாதிரி. ஏறுகிற சரிவுப் பலகையில் செருப்புச் சத்தம் டொக் டொக் என்று கேட்க, கதவைத் திறந்தபோது மணி ஒன்பது நாற்பது. அத்தனை தலையும் திரும்பியது.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் கூப்பிட்டார். வருகை எடுத்தபோது நான் இல்லை, வெயிட்லிஸ்டில் முதலில் இருந்த பெண்ணுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டாராம். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். முதல் நாள் வராதவர் பெயரை எடுத்துவிட ஆசிரியருக்கு உரிமை உண்டு. வாசலில் ஆறு பேர் காத்திருக்கும்போது அவரும்தான் என்ன செய்வார். ராத்திரி அந்த வெள்ளிக்கிழமை மெயிலைத் தேடி எடுத்தேன். 'ஃபெசிலிட்டீஸ் அப்டேட்' என்ற தலைப்பில், கூடைப்பந்துக்கும் நூலக நேரத்துக்கும் நடுவில் இரண்டே வரி: இந்தக் கட்டடம் மூடப்பட்டுள்ளது, மாற்று அறைப் பட்டியல் இங்கே.

இவர்கள் ஏன் இப்படி எல்லாவற்றையும் மெயிலில் கொட்டுகிறார்கள் என்று அப்போது எரிச்சலாக இருந்தது. இந்தக் காலேஜ்கள் நடக்கிற விதம் அப்படி. பெரும்பாலானவற்றில் ஹாஸ்டல் கிடையாது. மாணவர் வருவார், வகுப்பில் உட்காருவார், வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்கு ஓடுவார். அறிவிப்புப் பலகை முன்னால் நிற்க யாருக்கும் நேரமில்லை. 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் ஆறே மாணவர்களோடு ஆரம்பித்த வகை இது. இன்று கலிபோர்னியாவில் மட்டும் 116 காலேஜ். நுழைவுத் தேர்வு இல்லை, வயது பார்ப்பதில்லை. என் வகுப்பில் பதினேழு வயதுப் பையனும் இருந்தான், ஓய்வு பெற்ற தபால்காரரும் இருந்தார்.

சரி, எந்த மெயிலை விடக்கூடாது?

முதலில் பணம். கலிபோர்னியா வாசிகளுக்கு ஒரு யூனிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் கிரெடிட்) 46 டாலர். 2012 கோடையிலிருந்து இதே விலைதான். நான்கு யூனிட் வகுப்பு என்றால் 184 டாலர், மேலே சில சில்லறைக் கட்டணங்கள். ஆனால் உங்களை 'நான்-ரெசிடென்ட்', அதாவது கலிபோர்னியாவாசி அல்ல என்று பதிந்திருந்தால் யூனிட்டுக்குப் பல இடங்களில் 300 டாலருக்கு மேல் கூடுதலாகப் போடுவார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இதில் தப்பிக்க வழியில்லை. எச்-4 அப்படியல்ல. செமஸ்டர் தொடங்குவதற்கு முன் ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே வசித்திருந்து, இங்கேயே இருக்கும் எண்ணத்தைக் காட்டினால் ரெசிடென்ட் கட்டணம் கிடைக்கும். வாடகை ஒப்பந்தம், டிரைவிங் லைசென்ஸ், மாநில வரித் தாக்கல், இப்படி ஏதாவது கேட்பார்கள். விண்ணப்பத்தில் விசாவைப் பார்த்துவிட்டு முதலில் 'நான்-ரெசிடென்ட்' என்று போட்டுவிடுவது சகஜம். அதைச் சரிசெய்ய ஆவணம் கேட்டு அட்மிஷன்ஸ் ஆபீஸிலிருந்து ஒரு வறண்ட மெயில் வரும், அதைத் தவறவிடாதீர்கள். உங்களுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பதால் இன்றே பில்லைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது தேதிகள். 'இம்பார்ட்டண்ட் டேட்ஸ்' என்று ஒரு அட்டவணை வரும். அதில் மூன்று தேதி போதும். முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள், முழு செமஸ்டர் வகுப்புக்கு வழக்கமாக இரண்டாவது வாரக் கடைசி. மதிப்பெண் பட்டியலில் தடமே இல்லாமல் வகுப்பை விடக்கூடிய கடைசி நாள். அதற்கப்புறம் விட்டால் பட்டியலில் 'டபிள்யூ' (பாதியில் விட்டதற்கான குறி) விழும், அதற்கும் ஒரு கடைசி நாள் உண்டு. டபிள்யூதானே, மதிப்பெண் சராசரியைத் தொடாதே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். ஒரே பாடத்தைப் பொதுவாக மூன்று முறைதான் எடுக்கவிடுவார்கள், டபிள்யூவும் அதில் ஒரு முறையாகக் கணக்காகும்.

அதே அட்டவணையில் 'சென்சஸ் டே' என்று ஒரு நாள் இருக்கும். நான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வகையில் அதுவேதான். வகுப்பின் ஐந்தில் ஒரு பங்கு முடிகிற நேரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தலையை எண்ணுவார்கள். மாநிலம் காலேஜுக்குத் தரும் பணத்தில் பெரும்பங்கு அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஆய்வாளர் வருகிற அன்று, வராத பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டி வருவார்கள். இங்கே நேர்மாறு. உண்மையில் வராதவர்களை அந்தத் தேதிக்குள் நீக்கியாக வேண்டும் என்பது ஆசிரியருக்கு விதி. முதல் இரண்டு வாரம் வருகைப் பதிவில் அவ்வளவு கறாராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் போலி மாணவர்கள். கோவிட் காலத்தில் வகுப்புகள் ஆன்லைனுக்குப் போனதும், திருடிய அடையாளத்தில் பெயர் பதிந்து, மாணவர் உதவித்தொகையைக் கறந்துகொண்டு மறைந்துபோகிற கும்பல்கள் கிளம்பின. வகுப்பு நிரம்பி, வெயிட்லிஸ்டும் நிரம்பி, முதல் நாள் பார்த்தால் பாதிப் பெயருக்கு ஆளே இருக்காது. அதனால்தான் ஆன்லைன் வகுப்பென்றால் முதல் இரண்டு மூன்று நாளில் கான்வாஸில் (காலேஜின் ஆன்லைன் வகுப்புத் தளம்) நுழைந்து, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' மாதிரி ஒரு சின்ன வேலையை முடிக்கச் சொல்வார்கள். அது அறிமுகப் படலம் இல்லை, அதுதான் வருகைப் பதிவு. செய்யாவிட்டால் பெயர் போய்விடும். அடையாளத்தைச் சரிபார்க்கச் சொல்லியும் மெயில் வரலாம். லிங்க்கை அமுக்காமல் காலேஜ் போர்ட்டலுக்குள் நீங்களே போய்ப் பாருங்கள், அங்கேயும் அதே தகவல் இருந்தால் உண்மை.

மாணவர் மெயிலுக்கு வருகிற 'வீட்டிலிருந்தே பார்ட் டைம்' வேலை எல்லாம் மோசடி. செக் அனுப்புவார்கள், பேங்க்கில் போட்டு மீதியை வேறொருவருக்கு அனுப்பச் சொல்வார்கள், செக் திரும்பும். காலேஜே அறிவிக்கிற நிஜமான மாணவர் உதவியாளர் வேலைகளும் உண்டு. எஃப்-1 மாணவர்கள் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்தில் வாரம் 20 மணி நேரம் வரை பார்க்கலாம். எச்-4இல் இருக்கும் நமக்கு இஏடி என்ற வேலை அனுமதிக் கார்டு கையில் இல்லாமல் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைகூடக் கூடாது. படிப்பதற்குத் தடை இல்லை, சம்பளத்துக்குத்தான் தடை.

வெயிட்லிஸ்டில் இருந்தால் ஆசிரியரிடமிருந்து 'ஆட் கோடு' என்ற சேர்க்கை எண் வரும். என்னோடு படித்த ஒரு பெண் கோடு கிடைத்ததுமே சேர்ந்தாயிற்று என்று மூன்று வாரம் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். அந்த எண்ணைப் போர்ட்டலில் போட்டுப் பணம் கட்டினால்தான் சேர்ந்ததாக அர்த்தம். கெடுவும் முடிந்துபோயிருந்தது. அவளுக்கு மாற்றி எழுதிக் கொடுக்கச் சொல்லி நாங்கள் நான்கு பேர் போய் நின்றதெல்லாம் தனிக்கதை.

நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால் டிரான்ஸ்ஃபர் சென்டர் மெயிலையும் பாருங்கள். டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு கலிபோர்னியா பல்கலைக்கழக (யூசி) வளாகங்கள், சொன்ன பாடமும் மதிப்பெண்ணும் இருந்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடுகின்றன. விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டும். பெர்க்லி வளாகமும் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யுசிஎல்ஏவும் இதில் இல்லை. முதல் செமஸ்டரில் உங்களுக்கு அவசரமில்லை, ஆனால் எந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்பதை அந்த ஒப்பந்தம்தான் தீர்மானிக்கும். கவுன்சலரிடம் இப்போதே நேரம் வாங்கி வையுங்கள், இரண்டாம் வாரத்துக்கு மேல் கிடைக்காது.

இலவச உணவு மெயிலை நான் ஒரு வருடம் பார்க்காமலே தள்ளினேன். அது நமக்கில்லை, கஷ்டப்படுகிறவர்களுக்கு என்று ஒரு வீம்பு. ஒருநாள் மழைக்கு ஒதுங்கப் போய்த்தான் அந்த அறையைப் பார்த்தேன். அரிசி, பீன்ஸ் டப்பா, முட்டை, ஒரு பெட்டி ஆரஞ்சு. மாணவர் அட்டையைக் காட்டினால் போதும், சம்பளச் சீட்டு யாரும் கேட்கவில்லை. இப்படி உணவு, வீடு, உடை சம்பந்தமாக உதவ ஒரு மையம் ஒவ்வொரு வளாகத்திலும் இருக்க வேண்டும் என்று 2021இல் மாநிலம் சட்டமே போட்டிருக்கிறது. எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம். அதே கட்டடத்தில் லேப்டாப்பும் கால்குலேட்டரும் செமஸ்டர் முழுக்கக் கடன் கொடுத்தார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அதற்குள் கால்குலேட்டர் வாங்கித் தொலைத்திருந்தேன்.

புத்தகம் வாங்குவதற்கு முன் வகுப்புப் பட்டியலில் 'ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட்' குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புத்தகச் செலவு இல்லை. அக்கவுண்டிங்குக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற தளத்தின் புத்தகம் முழுதாக இலவசமாகவே இணையத்தில் கிடைக்கிறது.

பார்க்கிங்குக்குப் பல இடங்களில் முதல் ஒன்றிரண்டு வாரம் பெர்மிட் இல்லாமல் விடுவார்கள், அது எந்தத் தேதி வரை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி லோகோ மாறியது, கூடைப்பந்து அணி, டீன் யார், இதையெல்லாம் தாராளமாக விட்டுவிடலாம். டீன் பெயர் எனக்கு இன்றும் தெரியாது.

என் அக்கவுண்டிங் என்ன ஆனது என்று கேட்டால், இரண்டாவது வாரம் ஒரு மெயில் வந்தது, 'லேட் ஸ்டார்ட் கிளாசஸ்' என்று. செப்டம்பர் நடுவில் தொடங்கி 12 வாரத்தில் முடிகிற வகுப்புகள். பட்ட சூட்டில் அதை மட்டும் கடைசி வரி வரை படித்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அதே பாடம், இடமும் இருந்தது. அறை எண்ணைப் பார்த்தேன். மைதானத்துக்குப் பின்னால், அதே கன்டெய்னர் வரிசை. இந்த முறை ஞாயிற்றுக்கிழமையே பையனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சரிவுப் பலகையில் அவன் எட்டு முறை ஓடி ஏறினான்.