சோபா, கட்டில், டைனிங் டேபிள் இல்லாமல் குடும்பம் நடத்த முடியுமா?

முடியும். நாங்கள் அப்படித்தான் இருக்கிறோம். நான், மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள், மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு. கல்யாணமாகிப் புது வீட்டுக்குப் போகிறோம், கையில் இருப்பதையெல்லாம் சாமான்களில் கொட்டத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆனால் ஒரு நாற்காலிகூட இல்லாமல் இருப்பேன் என்று வீம்பும் பிடிக்காதீர்கள். உங்கள் முழங்கால் நன்றாக இருக்கலாம், வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் முழங்கால் இருக்கிறதே.

முதலில் படுக்கை. இதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். கட்டில் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டு, கட்டிலுக்கான கனமான ஃபோம் மெத்தையை வாங்கித் தரையில் நிரந்தரமாகப் போட்டுவிடுவார்கள். இரவெல்லாம் உடம்பிலிருந்து இறங்கும் ஈரம் மெத்தை வழியாகப் போய்க் குளிர்ந்த டைல்ஸில் முட்டி நிற்கும். அடியில் காற்றோட்டம் இல்லாததால், ஐப்பசி மழை முடிவதற்குள் பூஞ்சை பூத்துவிடும். தரையில் படுப்பதென்றால் காலையில் படுக்கையை எடுத்தாக வேண்டும், அதில் சலுகையே கிடையாது. ஜப்பானில் இன்றும் ஃபுத்தோன் என்ற தரை மெத்தையில் தூங்குகிறவர்கள் காலையில் அதை மடித்துச் சுவர் அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள், வெயில் நாளில் பால்கனிக் கம்பியில் போட்டு உலர்த்துவார்கள். நம் பாட்டிமார் செய்ததும் அதேதான்.

எங்கள் ஏற்பாடு இதுதான்: கீழே கோரைப்பாய், அதன்மேல் மெல்லிய இலவம் பஞ்சு மெத்தை. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடி வெயிலில் மெத்தையைப் போட்டுத் தட்டினால் மறுபடி உப்பிக்கொள்ளும். சில வருடங்களில் பஞ்சு கட்டி தட்டிவிடும், அப்போது பிரித்து அடித்துத் தைக்கக் கொடுக்க வேண்டும். பாயில் பிளாஸ்டிக்கைத் தவிர்த்துவிடுங்கள். சித்திரை மாதத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், டைல்ஸில் வழுக்கவும் செய்யும். கோரை வியர்வையை வாங்கிக்கொள்ளும். புதுப் பாய் சுருட்டிய வாக்கிலேயே விறைத்து நிற்கும், எதிர்ப்பக்கமாக ஒருமுறை சுருட்டிப் பிரித்தால் படிந்துவிடும். மடிக்கவே கூடாது, மடித்த இடத்தில் கோரை முறியும். ஓரத்தில் துணி வைத்துத் தைத்ததாகப் பார்த்து வாங்கினால் சீக்கிரம் பிரிந்துபோகாது.

திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து, நூலைப் பாவாகக் கொடுத்து நெய்கிற பாய் இருக்கிறதே, அது வேறு ரகம். பட்டுத்துணி மாதிரி வளையும், புவிசார் குறியீடும் வாங்கியது. கல்யாணத்துக்கு யாராவது பரிசாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தினசரிப் படுக்கைக்கு அது அநியாயம். அதற்குக் காவிரிக் கரையில் கரூர், முசிறிப் பக்கத்துச் சாதாரணக் கோரைப்பாயே போதும்.

ஹாலில் ஒரு பவானி ஜமக்காளம், சுவரோரம் நாலைந்து திண்டு. கூட்டம் வந்தால் கூட்டிப் போடலாம், இல்லாவிட்டால் சுருட்டி வைக்கலாம். மகள் அங்கே சைக்கிளே ஓட்டினாள். சாப்பாடும் அங்கேதான். சூடான பாத்திரத்துக்குப் பிரிமணை, ஆளுக்கொரு மணைப்பலகை. சோறு சிந்தினால் ஒரே துடைப்பில் முடிந்தது, ஆனால் உடனே துடைக்க வேண்டும், எறும்பு காத்திருக்காது. செருப்பு வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. தினமும் பெருக்கித் துடைக்க உங்களில் ஒருவருக்குச் சோம்பல் என்றால் இந்த வாழ்க்கையே வேண்டாம், பேசாமல் சோபா வாங்கிவிடுங்கள்.

அடுத்து முழங்கால். என் மாமியார் ஊரிலிருந்து வந்து தங்குவார். தரையிலிருந்து எழும்போது இடது கை சுவரைத் தேடும், வலது கை முட்டியை அழுத்தும், "முருகா" என்று ஒரு மூச்சு விட்டுப் பாதி எழுந்து நின்று, அப்புறம்தான் மீதி. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களைச் சம்மணமிட்டு உட்கார வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதனால் மடக்கு நாடாக் கட்டில் ஒன்றும் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டும் பால்கனியில் எப்போதும் இருக்கும். பெரியவர்கள் வந்தால் கேட்காமலே எடுத்துப் போட்டுவிடுவோம். கேட்டால் கூச்சப்பட்டுக்கொண்டு "பரவாயில்லைப்பா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் ஒரு வாட்ஸ்அப் கதை குறுக்கே வரும். தரையில் உட்கார்ந்தால் ஆயுள் கூடும், பிரேசில் விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள் என்று. ஆய்வு உண்மைதான். 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி, அதன்பிறகு பல வருடங்கள் கவனித்தார்கள், 2012-இல் வெளியானது. கையையோ முட்டியையோ அதிகம் ஊன்றி எழுந்தவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது. ஆனால் ஊன்றாமல் எழுகிறவர்களுக்குத் தசை பலமும் சமநிலையும் ஏற்கெனவே நன்றாக இருக்கும், அந்தச் சோதனை அளந்தது அதைத்தான். சோபாவை விற்றால் ஆயுள் நீளும் என்று அதில் எங்கும் இல்லை.

ஊர் என்ன சொல்லும் என்றும் கேட்டிருந்தீர்கள். "என்ன மாப்பிள்ளை, சாமான் இன்னும் வந்து சேரலையா?" என்பார்கள். அடுத்த வருடம் வந்து அதையே கேட்பார்கள். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றி நீங்கள் காலி செய்யும்போது தெரியும் இதன் அருமை. எங்கள் மொத்தக் குடித்தனமும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினோடு ஒரே குட்டியானையில் ஏறிவிட்டது.

ஒன்றே ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: வேலை செய்கிற இடம். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதிய சாய்வுப் பெட்டிகளைக் காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம். மகளுக்கு அதே மாதிரி ஒன்றை ஆசாரியிடம் சொல்லிச் செய்து வாங்கினோம், வீட்டுப்பாடம் எழுத அருமையாக இருக்கிறது. ஆனால் எட்டு மணிநேரம் லேப்டாப்பைப் பார்த்துக் குனிந்திருக்கும் கழுத்துக்கு அது உதவாது. உங்களில் யாராவது வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாக இருந்தால், சோபாவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து நல்ல மேசையும், முதுகைத் தாங்கும் நாற்காலியும் முதல் மாதமே வாங்கிவிடுங்கள். மற்றதையெல்லாம் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தரையில் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.