ஹாலோவீனும் சிறு குழந்தைகளும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நியூ ஜெர்சியில் அப்பார்ட்மென்டிலிருந்து தனி வீட்டுக்கு இந்தக் கோடையில்தான் மாறினோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீனுக்காக இப்போது தெரு முழுக்க எலும்புக்கூடும் சிலந்தி வலையும். மகள் மற்றப் பிள்ளைகளைப்போல வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போயே தீருவேன் என்கிறாள். மகனோ கடையில் ஒரு பொம்மை கையை ஆட்டியதற்கே அழுதுவிட்டான். வாசலில் வைக்கப் பூசணியில் முகம் செதுக்கத் தெரியாது. நாங்கள் சைவம். முகம் தெரியாதவர்கள் தரும் மிட்டாயில் ஏதாவது கலந்திருக்குமோ என்ற பயம் வேறு. எங்கிருந்து தொடங்குவது?

கா.

அன்புள்ள கா.,

மிட்டாய்ப் பயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஜோயல் பெஸ்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1958 முதலான செய்திகளைத் தோண்டிப் பார்த்தவர். முன்பின் தெரியாதவர் வாசலில் தந்த மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான சம்பவம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்ஸாஸில் எட்டு வயதுப் பையன் ஒருவன் சயனைடு கலந்த மிட்டாயால் இறந்தது உண்மை. கலந்தது இன்ஷூரன்ஸ் பணத்துக்கு ஆசைப்பட்ட அவன் அப்பாவேதான். உறை கிழிந்ததையும், தெரியாத வீட்டில் கையால் செய்ததையும் எடுத்துப் போட்டுவிடுங்கள், போதும்.

பயப்பட வேண்டியது வண்டிகளுக்கு. 1975 முதல் 2016 வரை 42 ஆண்டு விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர்கள் வண்டி மோதி இறக்கும் அபாயம், முந்தைய வாரத்தின் மாலையையும் அடுத்த வாரத்தின் மாலையையும்விட 43 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். இருட்டும் நேரம், கறுப்பு உடை, நிறுத்தி வைத்த கார்களின் நடுவிலிருந்து திடீரென்று ஓடிவரும் பிள்ளைகள். உங்கள் ஊரில் அன்று ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடும். ஐந்தேகாலுக்குக் கிளம்பி ஆறேகாலுக்குள் திரும்பிவிடுங்கள். மூன்று வயதுக்கு ஏழெட்டு வீடுகளே தாராளம். தெருவின் ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு, முனையில் ஒரே ஒரு முறை கடந்து மறுபக்கம் வாருங்கள். எதிர்வீடு எதிர்வீடாகத் தாண்டுவதுதான் ஆபத்து. ஒளி பட்டால் மின்னும் டேப்பை முதுகிலும் பையிலும் ஒட்டுங்கள். மகள் கையில் டார்ச் கொடுக்கலாம். ஒளிரும் குச்சி மகனுக்கு வேண்டாம், கடித்துவிடுவான். உள்ளே இருக்கும் திரவம் வாயை எரிக்கும்.

வேஷ உடையை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டும். உடைக்கு மேல் கோட்டு மாட்டினால் வேஷம் மறைந்துவிட்டது என்று அங்கேயே அழுகை தொடங்கும். விளிம்பு கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். முகமூடி நழுவிக் கண்ணை மறைக்கும், அதைவிடக் காது வைத்த தொப்பி நல்லது. முகச்சாயம் என்றால் இரண்டு நாள் முன்பே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பாருங்கள். முதுகில் ஜிப் வைத்த ஒற்றை உடையை மகனுக்கு வாங்காதீர்கள். ஏன் என்பது அவனுக்கு அவசரமாக வரும்போது புரியும்.

மூன்று வயதில், முகமூடி போட்டதும் அந்த ஆளே மாறிப்போனார் என்றுதான் குழந்தைக்குத் தோன்றும். வீட்டில் அப்பாவை ஒரு முகமூடியைப் போட்டுக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அவனே கழற்றட்டும். பகலிலேயே தெருவை ஒரு சுற்று சுற்றி, ஆளைக் கண்டதும் அசையும் பொம்மை வைத்த வீடுகளைக் குறித்துக்கொண்டு மாலையில் தவிருங்கள். வாசலுக்கு வர மறுத்தால் ஒருவர் அவனோடு நடைபாதையிலேயே நிற்கலாம்.

கொலுவுக்கு வேஷம் கட்டி வீடு வீடாகச் சுண்டல் வாங்கப் போய்ப் பழகிய பிள்ளைகளுக்கு மற்றதெல்லாம் எளிது. இங்கே பாடச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். மணி அடித்து, “ட்ரிக் ஆர் ட்ரீட்” சொல்லி, ஒன்றே ஒன்று எடுத்து, நன்றி சொல்ல வேண்டும். வாசற்படிக்கு உள்ளே போகக்கூடாது.

இனிப் பூசணி. செதுக்கவென்று விற்பது பெரியது, உள்ளே நாரும் நீருமாக இருக்கும், சாம்பாருக்கு ஆகாது. அடி தட்டையாக, அமுக்கினால் எங்கும் குழியாததாகப் பாருங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், அது முறிந்த இடத்தில்தான் அழுகத் தொடங்கும். 29ஆம் தேதிக்கு முன் செதுக்க வேண்டாம். வெட்டிய விளிம்பு காய்ந்து சுருங்கும், பூஞ்சை பிடிக்கும். வெயில் அடித்தால் மூன்றே நாளில் வாய் உள்வாங்கிவிடும். பலரும் காம்பைச் சுற்றி மூடி வெட்டுவார்கள். அடியில் வட்டமாக வெட்டுவது நல்லது, மேல் வளையம் முழுதாக இருப்பதால் உரு சீக்கிரம் குலையாது, விளக்கின் மேல் அப்படியே கவிழ்த்து வைக்கலாம். மேலேதான் வெட்டுவேன் என்றால் கத்தியை உள்நோக்கிச் சாய்த்து வெட்டுங்கள். நேராக வெட்டினால் மூடி உள்ளே விழும்.

முகம் வரும் பக்கத்தை உள்ளிருந்து கரண்டியால் ஓர் அங்குலக் கனத்துக்குச் சுரண்டுங்கள். அதைவிடத் தடித்தால் அறுக்கும் ரம்பம் நகராது, மெலிந்தால் தொய்யும். சமையல் கத்தி வேண்டவே வேண்டாம். தடித்த சதையில் சிக்கி, இழுக்கும்போது நழுவிப் பூசணியைப் பிடித்திருக்கும் கையைக் கிழிக்கும். இதற்கென்றே ஒல்லியான குட்டி ரம்பம் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். அதுவும் பெரியவர் கையில் மட்டும். கண், மூக்கு முதலில், வாய் கடைசியில். பெரிய ஓட்டையை முதலில் போட்டால் பிறகு அழுத்தும்போது சுவர் விரிசல் விடும். மகள் மார்க்கரால் முகம் வரையட்டும், விதையை அள்ளட்டும். மகனுக்குக் குட்டிப் பூசணி ஒன்றும் ஸ்டிக்கரும். விளிம்பில் வாசலின் தடவினால் சற்று மெதுவாக உலரும். உள்ளே மெழுகுவத்தி வேண்டாம், பேட்டரி விளக்கு வையுங்கள். விதையைக் கழுவி இரவெல்லாம் துணியில் உலர்த்தி, ஒரு கப்புக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிசிறி 300 டிகிரி பாரன்ஹீட்டில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வறுங்கள். ஈரமாகப் போட்டால் வெந்து சவசவ என்றாகிவிடும். மகனுக்குக் கொடுக்காதீர்கள்.

பையைக் கொட்டியதும் மிட்டாயை வகைவகையாகப் பிரியுங்கள். இங்குள்ள ஸ்டார்பர்ஸ்ட், கேண்டி கார்ன், மார்ஷ்மெல்லோ ஆகியவற்றிலும் கம்மி வகைகளில் பெரும்பாலானவற்றிலும் ஜெலட்டின் உண்டு, அது விலங்கிலிருந்து எடுப்பது. பொடி எழுத்தைப் படியுங்கள். கடின மிட்டாய், பபிள்கம், முழுக் கடலை வைத்தது மகனுக்குக் கூடாது, தொண்டையில் அடைக்கும். மீதியை நாள் முழுக்க ஒவ்வொன்றாகச் சப்ப விடாமல் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். எத்தனை மிட்டாய் என்பதைவிட எத்தனை தடவை என்பதே பல்லைக் கெடுக்கும். ஒவ்வொரு தடவையும் வாயில் உள்ள கிருமிகள் புதிதாக அமிலம் உண்டாக்குகின்றன.

நீங்கள் வெளியே போயிருக்கும்போது வீட்டில் யார் மிட்டாய் கொடுப்பது என்பதையும் முடிவு செய்யுங்கள். எவ்வளவு வாங்க வேண்டும் என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள், தெருவுக்குத் தெரு மாறும். நீலப்பச்சைச் சாயம் அடித்த பூசணி வாசலில் இருந்தால் அங்கே பென்சில், ஸ்டிக்கர் மாதிரித் தின்பண்டம் அல்லாதவையும் உண்டு என்று பொருள், உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காக. நீங்களும் வைக்கலாம். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று அர்த்தம். எட்டு எட்டரை வரை பெரிய பிள்ளைகள் மணி அடிப்பார்கள். மிட்டாய் தீர்ந்தாலோ மகன் தூங்கிவிட்டாலோ அந்த விளக்கை அணைத்துவிடுங்கள், பூசணிக்குள் இருப்பதையும் சேர்த்து.