மண்ணும் பாசிமணியும் சோறு போடுமா என்று கேட்ட முக்கூடல் அக்காவுக்கு

அக்கா, போன சனிக்கிழமை நீங்களும் அத்தானும் பாளையங்கோட்டைக்கு என்னிடம் யோசனை கேட்க வந்து, "பிள்ள நகை செய்றேன்னு எந்நேரமும் மண்ணும் பாசியுமா கெடக்கா, ப்ளஸ் டூ வேற, இது சோறு போடுமா?" என்று கேட்டீர்கள். அத்தான் கேட்டது ஒரே கேள்வி: "பேசாம பி.காம்.ல சேத்துரலாமா?" வெளியே இன்னும் நாலு குடும்பம் காத்திருந்ததால் ரெண்டு பேருக்கும் அரைகுறையாகத்தான் பதில் சொல்லி அனுப்பினேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

பிள்ளை கொண்டுவந்த அட்டைப்பெட்டியை நீங்கள் பாதி மூடியே வைத்திருந்தீர்கள், வெட்கம்போல. உள்ளே இருந்தது வெட்கப்படுகிற சரக்கு இல்லை. சுடுமண் ஜிமிக்கி, ஓலையில் முடைந்த கம்மல், பத்தமடையில் பாய் நெய்கிற வீட்டில் மிச்சம் விழுந்த சாயக் கோரையைச் சுற்றிச் செய்த வளவி, பள்ளிக்கூடப் பையில் தொங்கவிடுகிற குட்டிக் குட்டி சார்ம்கள். அதில் ஒரு சிரட்டைத் தொங்கலைக் கையில் எடுத்தேன். விளிம்பில் விரலை ஓட்டினால் ஒரு பிசிறு இல்லை, கருங்கல்லைப் போல வழவழப்பு. எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். சொரசொரப்பான உப்புத்தாளில் ஆரம்பித்து, நைசான தாள் வரை மூன்று தாள் மாற்றித் தேய்த்து, கடைசியில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்தாளாம். மூன்றாவது தாள் வரை போகிற பொறுமை எல்லாப் பிள்ளைக்கும் வராது.

ஆனால் ஜிமிக்கியில் சிக்கினாள். இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒரு நூல் வித்தியாசம். ஒன்று நேராகத் தொங்குகிறது, இன்னொன்று சாய்கிறது. பெட்டியில் இருந்த ஏழு ஜோடியில் ஒன்றுக்கொன்று பொருந்தியது ரெண்டுதான். தோழிக்குக் கொடுத்தால் தோழி ஒன்றும் சொல்ல மாட்டாள். காசு கொடுத்து வாங்குகிறவர் கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பார்.

இந்த இடத்தில் நான் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது, நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எத்தனை வருஷமாகப் பீடி சுற்றுகிறீர்கள்? உங்கள் தட்டில் ஆயிரம் பீடியும் ஒரே தடிமன், ஒரே நீளம். கடையில் கழித்துப்போட்டால் கூலி போச்சு என்று தெரிந்து வளர்ந்த கை அது. இலை வெட்டுவதற்குத் தகடு வைத்திருக்கிறீர்களே, அதைப்போல அவளுக்கும் ஒரு தகடு வேண்டும். மண்ணைக் கண்ணளவில் கிள்ளி எடுக்காமல், ஒரே கனத்தில் பூரிபோலத் தேய்த்து, ஒரே மூடியால் வட்டம் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதி ஜோடி பொருந்திவிடும். ரெண்டு காதுக்கும் உரியதை ஒரே நாளில் செய்து ஒரே சூட்டில் சுட வேண்டும், மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும் இல்லையா. நிழலில் நாலைந்து நாள் நன்றாகக் காய்ந்த பிறகுதான் நெருப்பு. உள்ளே ஈரம் இருந்தால் ஆவியாகி வெடித்துவிடும். மொட்டைமாடியில் உமி போட்டுச் சுட்டதில் பாதி கறுத்துப்போனது என்றாள். காற்றோட்டம் இல்லாமல் புகைக்குள் வெந்தால் கறுக்கத்தான் செய்யும், காற்றுப் போனால் சிவக்கும். காருகுறிச்சி உங்களுக்குத் தூரமில்லை. அங்கே பானை செய்கிறவர்களிடம் கேட்டு, சூளை வைக்கிற அன்றைக்கு இவள் உருப்படிகளையும் ஒரு சட்டியில் போட்டு உள்ளே வைக்க முடியுமா என்று பாருங்கள். ஒரு நாள் முழுக்க அந்தச் சூளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே நிறையக் கற்றுக்கொள்வாள்.

இன்னொன்று, அன்றைக்கே கொஞ்சம் பதறித்தான் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். அந்தச் சிவப்புக் கறுப்புக் கைச்சங்கிலி குன்றிமணியில் கோத்தது. பிள்ளையாருக்குக் கண் வைக்கிற விதைதானே என்று நினைத்திருப்பாள். விதை முழுசாக இருக்கும்வரை மேலே உள்ள கெட்டித் தோல் காப்பாற்றும், ஊசியால் துளை போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் விஷத்துக்கு வழி திறந்துவிடுகிறது. சின்னப் பிள்ளை கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. அதை யாருக்கும் விற்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். கம்மல் கொக்கியிலும் கவனம் வேண்டும். மலிவான கொக்கியில் நிக்கல் இருந்தால் சிலருக்குக் காது அரித்துப் புண்ணாகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி கொஞ்சம் விலை கூடத்தான், ஆனால் காது புண்ணானவர் மறுபடி வாங்க வரமாட்டார்.

இப்போது அத்தானுக்குப் பிடித்த விஷயம், கணக்கு. ஒரு ஜோடி ஜிமிக்கி 80 ரூபாய்க்கு வகுப்பில் விற்றாளாம். பெயின்ட், கொக்கி, அட்டை எல்லாம் 15 ரூபாய், மிச்சம் 65 லாபம் என்று சிரித்தாள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டேன். உருவம் பிடிக்க 40 நிமிஷம், சுட்ட பிறகு வண்ணம் தீட்ட அரைமணி. அவள் நேரத்துக்கு மணிக்கு 50 ரூபாய் என்று வையுங்கள். உருவம் பிடித்ததற்கு 33 ரூபாய். பத்து ஜோடி சுட்டால் மூன்று ஜோடி விரிசல் விட்டு வீணாகிறது என்கிறாள், அந்த நட்டத்தை மிச்ச ஏழின் தலையில் ஏற்றினால் 33 என்பது 48 ஆகிறது. வண்ணத்துக்கு 25, சாமானுக்கு 15. மொத்தம் 88. ஆக, ஜோடிக்கு 8 ரூபாய் கைக்காசு போட்டு ஊருக்கு நகை போடுகிறாள்! விலையை 150-க்கு ஏற்ற வேண்டும், இல்லையென்றால் நேரத்தைக் குறைக்க வேண்டும். திருச்செந்தூர் கடற்கரைக் கடையில் தொங்குகிற மலிவுப் பாசிமாலையோடு விலையில் மட்டும் போட்டி போடக் கூடாது, தோற்றுப்போவாள். காதில் பாம்படம் போட்ட ஆச்சிகள் நடமாடிய ஊர் இது. காதோலை கருகமணி என்று ஓலைச்சுருளையும் கறுப்பு மணியையும் அம்மனுக்கே நகையாக வைக்கிறோம். அந்த வடிவங்களை எடுத்துச் செய்தால் அதற்கென்று தேடி வாங்குகிறவர் இருப்பார்.

பெரிய ஆர்டர் வந்தால் உடனே தலையாட்ட வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை சடங்கு வீட்டுக்கு 60 வளவி செட் ஒப்புக்கொண்டு, முந்தின நாள் ராத்திரி 38-தான் முடித்திருந்தாள். அவள் அம்மா கடைக்கு ஓடிக் கண்ணாடி வளவி வாங்கி ஈடுகட்டினார். அதற்கப்புறம் அந்தச் சொந்தத்தில் யாருமே கேட்கவில்லை.

சரி, படிப்பு. நிஃப்ட் என்கிற மத்திய அரசு ஃபேஷன் கல்வி நிறுவனத்தில் ஆக்சஸரி டிசைன் என்று 4 வருஷ பி.டெஸ். பட்டப்படிப்பு இருக்கிறது. நகை, பை, விளக்கு போன்ற பொருள்களை வடிவமைக்கிற படிப்பு. ப்ளஸ் டூவில் எந்தக் குரூப் என்றாலும் எழுதலாம். வழக்கமாக வருஷக் கடைசியில் விண்ணப்பம், அடுத்த வருஷத் தொடக்கத்தில் தேர்வு. முதல் கட்டம் தாண்டினால் நேரில் கூப்பிட்டு, காகிதம், கம்பி மாதிரி சாதாரணச் சாமான்களைக் கொடுத்து அங்கேயே ஒரு மாதிரி செய்யச் சொல்வார்கள். நம்ம பிள்ளைக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. சங்கடம் ரெண்டு: கேள்வித்தாள் தமிழில் கிடையாது, செலவு நாலு வருஷத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். கடன் வாங்கிப் படிக்க வைக்கலாமா என்பதை இடம் கிடைத்த பிறகு பேசுவோம். சென்னையில் 1850-இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரியும் இருக்கிறது, அங்கே செராமிக், டெக்ஸ்டைல் பிரிவுகள் உண்டு, தனியார் கல்லூரியைப் பார்க்கச் செலவும் குறைவு. என்னைக் கேட்டால் ரெண்டுக்கும் எழுதட்டும், பெரிய கோச்சிங் எதிலும் பணம் கட்டாதீர்கள். கிடைக்கவில்லையா, பாளையங்கோட்டையிலேயே பி.காம். சேர்க்கலாம், அத்தான் சொன்னது தப்பே இல்லை. மேலே போட்ட கணக்கைத் தானே போடத் தெரிந்த நகைக்காரியாக வருவாள்.

உங்களிடம் பீடித் தொழிலாளர் அட்டை இருக்கிறதா? இருந்தால், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் துறை கல்வி உதவித்தொகை தருகிறது, படிப்பைப் பொறுத்து வருஷத்துக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை. அன்றைக்கு இதைக் கேட்க மறந்துவிட்டேன். அவளுக்கு 18 முடிந்ததும் மாவட்ட முன்னோடி வங்கி நடத்துகிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் சேரலாம், பயிற்சியும் சாப்பாடும் இலவசம். கைவினைஞர்களுக்கு மாநில அரசு மானியத்தோடு கடன் தருகிற கலைஞர் கைவினைத் திட்டத்துக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும், அது அவளுக்கு இப்போது இல்லை. சிறுதொழில் செய்கிறவர்கள் எடுக்கிற உதயம் பதிவுக்கு அரசாங்கம் ஒரு பைசாகூட வாங்குவதில்லை, ஆயிரம் ரெண்டாயிரம் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இப்போதைக்கு ஒரே வேலை. காலாண்டு லீவுக்குள் ஒரே ஜிமிக்கியைப் பன்னிரண்டு ஜோடி செய்யட்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும், மற்ற நாள் பாடம். நேரம், உடைந்தது, செலவு எல்லாம் ஒரு நோட்டில் எழுத வேண்டும். முடித்ததும் நீங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பீடிக் கடையில் பார்க்கிற மாதிரி தயவு தாட்சணியம் பார்க்காமல் கழித்துப்போடுங்கள். நின்றதை மட்டும் எடுத்துக்கொண்டு நோட்டோடு வாருங்கள். தசரா சமயம் மட்டும் வேண்டாம், சப்பரம் பார்க்க வருகிற கூட்டத்தில் பாளையங்கோட்டைக்குள் பஸ்ஸே நுழையாது.